ஒற்றுப்பிழை: விதி ஒப்பிக்கிற பிள்ளைக்கு எழுத ஏன் வரலை?

அடுத்த கேள்வி, ஏழாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிற ஆசிரியர் ஒருத்தர் அனுப்பியிருக்காங்க. "வல்லினம் மிகும் இடங்கள், அதாவது ரெண்டு சொல்லுக்கு நடுவுல க், ச், த், ப்னு ஒற்று சேர்ற இடங்கள், நடத்தி முடிச்சுட்டேன். பசங்க விதியை வரிசையா ஒப்பிக்கிறாங்க. ஆனா கட்டுரையில ஒற்றே போடறதில்லை. கண்டிச்சா அடுத்த வாரமே 'தம்பிப் படித்தான்', 'படித்தப் பாடம்'னு எல்லா இடத்துலயும் போட்டுக் கொண்டு வர்றாங்க. என்ன செய்யலாம்?"

டீச்சர், 'தம்பிப் படித்தான்'னு வேண்டாத இடத்துல 'ப்' போட்டு எழுதற பிள்ளையைப் பத்தி நான் கவலைப்பட மாட்டேன். ரெண்டு சொல்லுக்கு நடுவுல ஏதோ நடக்குதுன்னு அது கவனிக்க ஆரம்பிச்சிருக்கு, அவ்வளவுதான். எனக்குச் சிக்கலாத் தெரியறது, நாம விதியிலேருந்து தொடங்கறதுதான். 'இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும்'. இதைப் புரிஞ்சுக்க வேற்றுமை தெரியணும், உருபு மறைஞ்சு வர்ற தொகை எது, உருபு வெளிப்படையா வர்ற விரி எதுன்னு தெரியணும். 'ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்'னு அந்தப் பேரை மனப்பாடம் பண்றதே பன்னிரண்டு வயசுக்குத் தனிப்பாடம். இதே பிள்ளை மைதானத்துல "அவனப் பிடிடா", "கடைக்குப் போயிட்டு வரேன்"னு கத்தும்போது 'ப்' பிசகாம வருது! வாயில இருக்கறது கைக்கு வரலை. நம்ம வேலை அங்கேதான் இருக்கு.

நான் செய்யறதைச் சொல்றேன். கரும்பலகையில ரெண்டே தொடர் எழுதுவேன். 'அந்த பையன்', 'வந்த பையன்'. ஒற்று போடாமத்தான். ரெண்டு சொல்லுமே 'ந்த'ன்னுதான் முடியுது, பாருங்க. இப்போ எல்லாரும் சத்தமாச் சொல்லுங்கம்பேன், உதட்டுல விரலை வச்சுக்கிட்டு. முதல் தொடர்ல உதடு மூடி ஒரு கணம் நிக்கும். ரெண்டாவதுல நிக்காது. நாலைஞ்சு தடவை சொன்னதும் கடைசி பெஞ்சுலேருந்து ஒரு குரல் வரும்: "சார், முதல்ல 'ப்' இருக்கு." அதுக்கப்புறம் 'இந்தப் பாட்டு, கேட்ட பாட்டு', 'எந்தக் கடை, போன கடை'ன்னு அவங்களே ஜோடி சேர்ப்பாங்க. சுட்டு, பெயரெச்சம்ங்கிற பேரெல்லாம் அப்புறம் சொன்னாப் போதும். நன்னூல்ல பவணந்தி முனிவரும் உயிர் ஒலியில முடியற சொல்லுக்கு அடுத்து க ச த ப வந்தா மிகும்னு பொதுவாச் சொல்லிட்டுத்தான், விலக்கைத் தனியாச் சொல்றார்.

ஏழாம் வகுப்புக்கு எல்லா இடமும் வேண்டாம். அந்த, இந்த, எந்த ஒண்ணு. 'ஐ' உருபு: கதவைத் திற. 'கு' உருபு: ஊருக்குப் போ. அப்புறம் வினையெச்சம். 'ஓடிப் போனான்', 'எழுதிக் கொடுத்தான்' சுலபமா வந்துடும். 'து', 'டு', 'று'ன்னு முடியறதுலதான் பசங்க தடுமாறுவாங்க. 'படித்துப் பார்' மிகும், 'செய்து பார்' மிகாது. இதுக்குச் சின்ன அடையாளம் ஒண்ணு இருக்கு. கடைசி எழுத்துக்கு முந்தின எழுத்தைப் பாருங்க. படித்து, கேட்டு, விற்று, இதுலெல்லாம் வல்லின மெய் இருக்கு, அதனால மிகும். வந்து, செய்து, இதுல வல்லின மெய் இல்லை, மிகாது. கட்டுரையில வர்ற ஒற்றுப்பிழையில பெரும்பாலானது இந்த நாலுக்குள்ள அடங்கிடும். மத்ததை மேல்வகுப்பு பார்த்துக்கட்டும்.

காதை முழுசா நம்பவும் முடியாது. க, த, ப மூணும் நல்லாக் கேக்கும். 'ச' ஏமாத்திடும். பல ஊர்ல 'அந்த சட்டை'ன்னு மெலிசாத்தான் பேசறாங்க, அதனால 'அந்தச் சட்டை'க்குத் தனியாப் பயிற்சி கொடுக்கணும்.

பொருள் மாறுற இடத்தை மட்டும் நான் படமா வரையச் சொல்லிடுவேன். 'வேலை கொடு'ன்னா ஒருத்தன் உத்தியோகம் கேக்கறான். 'வேலைக் கொடு'ன்னா வேலாயுதத்தைக் கேக்கறான். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்துல செஞ்சது. 'மருந்துக் கடை'யை 'மருந்து கடை'ன்னு எழுதினா, மத்தை எடுத்துக் கடையச் சொல்ற மாதிரி ஆயிடும்! தெருவுல இந்த மாதிரிப் பலகை நிறைய இருக்கு, பசங்களை எழுதிட்டு வரச் சொல்லலாம். ஆனா கடைக்காரர்கிட்டப் போய்த் திருத்தம் சொல்லக்கூடாதுன்னு முதல்லயே சொல்லி வைங்க. இல்லைன்னா பசங்க போய்ச் சொல்லிடுவாங்க.

நோட்டுத் திருத்தற விஷயம். எல்லாப் பிழையையும் சிவப்பு மையில வட்டம் போட்டா பிள்ளை மார்க்கை மட்டும் பார்த்துட்டு மூடி வச்சுடும். ஒரு வாரம் 'ஐ' மட்டும் பாருங்க, மத்ததை விட்டுடுங்க. பிழை இருக்கிற வரிக்கு நேரா ஓரத்துல ஒரு புள்ளி வைங்க, எங்கேன்னு அவன் தேடட்டும். கிடைக்கலைன்னா பக்கத்துல இருக்கறவனுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டட்டும்.

தேர்வுக்கும் 'ஐந்து இடங்களை எழுதுக'ன்னு கேக்காதீங்க. ஒற்றை எடுத்துட்டு ஒரு பத்தி கொடுங்க. "பாட்டி சந்தைக்கு போனாள். அந்த கடையில் வாங்கிய பூசணியை தூக்கி கொண்டு நடந்தாள்." இதுல நாலு இடத்துல மிகணும். 'பாட்டி சந்தைக்கு', 'வாங்கிய பூசணி' ரெண்டும் பொறி, அங்கே மிகாது. நாலையும் போட்டு, இந்த ரெண்டையும் தொடாம விட்ட பிள்ளைக்கு முழு மார்க் போடுங்க.