‘இன்-சார்ஜ்’னா பெரிய ஆளா, தற்காலிக ஆளா?

கேள்வி: “என் மகளுக்கு ‘எச்.எம். இன்-சார்ஜ்’னு ஆர்டர் வந்திருக்கு. சம்பந்தி வீட்ல ‘அப்ப நிசமான எச்.எம். இல்லையா’ன்னு கேக்குறாக. போனுக்குப் போடுற சார்ஜ், போலீஸ் சார்ஜ் ஷீட், லத்தி சார்ஜ், இந்த இன்-சார்ஜ் எல்லாம் ஒரே வார்த்தைதானா?” தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி.

ஆச்சி, முதல்ல மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்லிருங்க. சம்பந்தி வீட்டுக்கான பதிலுக்கு வர்றேன், கொஞ்சம் பொறுங்க. இந்தக் கேள்வியைப் படிச்சதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரே கேள்வியில நாலு சார்ஜைக் கொண்டாந்து இறக்கிட்டீங்க.

இந்தப் பகுதியில முன்னாடி ‘செட்’ங்கிற இங்கிலீஷ் வார்த்தையைப் பத்திப் பேசினப்ப சொன்னது பழைய ஆளுகளுக்கு ஞாபகம் இருக்கும். ஆங்கிலச் சொல்லைத் தனியா நிக்க வச்சு ‘உன் அர்த்தம் என்ன’ன்னு கேக்காதீங்க, பக்கத்துல யார் நிக்கிறான்னு பாருங்க. இன்னைக்கும் அதேதான் சொல்லப் போறேன். ஆனா ‘செட்’டுக்கு இல்லாத ஒரு விசேஷம் இதுக்கு உண்டு. சார்ஜோட அர்த்தம் அத்தனையும் ஒரே வண்டியில ஏறி வந்தது.

நிசமாவே வண்டிதான். லத்தீன்ல ‘கர்ருஸ்’னா வண்டி. அதுல பாரம் ஏத்துறது ‘கர்ரிக்காரே’. பிரெஞ்சுக்குள்ள நுழைஞ்சு, 13-ஆம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்கு வந்து ‘சார்ஜ்’ ஆச்சு. கார், கேரி, கார்கோ எல்லாம் இதோட கூடப்பிறந்ததுக. கேலிச்சித்திரத்தை ‘கேரிகேச்சர்’ங்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம். ஒருத்தர் மூக்குல கொஞ்சம் பாரத்தைக் கூட ஏத்தி வரையிறது! ஆக, சார்ஜுன்னா அடியில இருக்கிறது சுமை ஏத்துறது.

இப்ப நம்ம காரைக்குடி செகண்ட் பீட்ல ஒரு போன் கடையில நின்னு காது குடுத்துக் கேளுங்க. ‘சார்ஜ் ஏற மாட்டேங்குதுண்ணே.’ ‘ராத்திரி முழுக்கப் போட்டேன், மத்தியானத்துக்குள்ள இறங்கிருது.’ ஏறுது, இறங்குது. லத்தீன் படிச்சுட்டா பேசுறாக? தானா வாயில வருது. இலங்கையில தமிழ் பௌதிகப் புத்தகத்துல இதுக்கு ‘ஏற்றம்’னே போட்டிருப்பாங்க, மின்னேற்றம். நம்ம பாடப் புத்தகத்துல மின்னூட்டம். எனக்கு ஏற்றம்தான் பிடிச்சிருக்கு. பிள்ளைகளா, பரீட்சையில மின்னூட்டம்னே எழுதுங்க, என்னை நம்பி மார்க்கை விட்டுராதீங்க.

பீரங்கியில மருந்து கெட்டிக்கிறதும் சார்ஜ்தான், அதுவும் ஏத்துறதுதானே. 1740-கள்ல பெஞ்சமின் பிராங்ளின் லெய்டன் ஜாடின்னு ஒரு கண்ணாடி ஜாடியில மின்சாரத்தை அடைச்சு வச்சுப் பாத்தாரு. அதுக்கும் சார்ஜ்னாரு. அந்த ஜாடிகளை வரிசையாச் சேர்த்து வச்சதுக்கு அவரு வச்ச பேருதான் ‘பேட்டரி’. அதுக்கு முன்னாடி பீரங்கி வரிசைக்குத்தான் அந்தப் பேரு. இதைக் காரைக்குடியில உக்காந்து பேசுறதுல ஒரு பெருமை இருக்கு. நம்ம ஊரு மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கே, சிக்ரி, அதுல இந்த பேட்டரி ஆராய்ச்சிதானே பெரிய வேலை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் குடுக்க, 1948-ல அடிக்கல் நட்டு, 1953-ல திறந்த இடம். அன்னைக்கு 15 லட்சம்னா என்னன்னு யோசிச்சுக்கங்க. சரி, வழி மாறிட்டேன்.

லத்தி சார்ஜ். ஆயுதத்தைத் தயார் பண்ணிக்கிட்டுப் பாயுறது. மருந்து கெட்டிக்கிறதுல இருந்துதான் இந்தப் பாய்ச்சலும் வந்திருக்கும்னு சொல்லுவாக. லத்தி சார்ஜ்ங்கிறது நம்ம நாட்டு இங்கிலீஷ். பிரிட்டிஷ் பத்திரிகையில ‘பேட்டன் சார்ஜ்’னு இருக்கும். போருக்குப் போற குதிரைக்கும் ‘சார்ஜர்’னு பேரு. நம்ம பக்கம் புரவி எடுப்புல அய்யனாருக்குத் தூக்கிட்டுப் போறோமே மண் குதிரை, காதை விறைச்சுக்கிட்டு, முன்னங்காலைத் தூக்கிக்கிட்டு? ஒரு வெள்ளைக்காரர் அதைப் பாத்து ‘சார்ஜர்’னு எழுதினா, ‘இதுல எங்க ஒயரு’ன்னு தேடக் கூடாது.

இதைவிட வேடிக்கை ஒண்ணு. 1611-ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல, யோவான் ஸ்நானகனோட தலையை ஏரோது மகாராசா விருந்துல ஆடின பொண்ணு ‘இன் எ சார்ஜர்’ வேணும்னு கேப்பா. இன்னைக்குப் பையன் படிச்சா என்ன நினைப்பான்? சார்ஜர்னா அங்க பெரிய தட்டு, கறியைச் சுமக்கிற தாம்பாளம். தமிழ் பைபிள்ல ‘தாலம்’னு அழகாப் போட்டிருக்காக. பெரிய ஓட்டல்ல நம்ம சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில இன்னொரு பெரிய தட்டு வைக்கிறாங்களே, அதுக்கு இன்னைக்கும் ‘சார்ஜர் பிளேட்’னுதான் பேரு.

போலீஸ், கோர்ட்டுக்கு வருவோம். இங்க தமிழே காட்டிக் குடுத்துரும். குற்றம் ‘சுமத்துறது’ங்கிறோமா இல்லையா? அதே சுமை. ஆனா ஒரு வித்தியாசம் தெரிஞ்சுக்கங்க. போலீஸ் தாக்கல் பண்றது சார்ஜ் ஷீட், குற்றப்பத்திரிகை. அதுக்கப்புறம் ஜட்ஜ் ‘இந்த இந்தக் குற்றத்துக்கு நீ பதில் சொல்லணும்’னு எழுதுறதுதான் சார்ஜ். வக்கீல்மாருக குற்றச்சாட்டு வனையிறதும்பாக. அப்படி வனையிறதுக்கு முன்னாடியே ‘இதுல ஒண்ணுமில்ல, போப்பா’ன்னு விட்டா டிஸ்சார்ஜ், விடுவிப்பு. விசாரணை முழுக்க நடந்து குற்றம் நிரூபணமாகலன்னா அது விடுதலை, வேற சங்கதி. பேப்பர்ல ரெண்டையும் போட்டுக் குழப்புறாக.

வில்லங்கச் சான்றுலயும் ஒரு சார்ஜ் வரும். பங்காளிக ஏழெட்டுப் பேர் சேர்ந்த வளவு வீடு ஒண்ணை விக்கிற பேச்சு. பத்திரத்தைப் பாத்தவர் ‘சொத்து மேல ஒரு சார்ஜ் இருக்கு’ன்னாரு. வாங்க வந்தவர், ‘அது எவ்வளவுங்க, நானே கட்டிர்றேன்’ட்டாரு! கட்டணம்னு நினைச்சுட்டார் பாவம். 1882-ஆம் வருசத்துச் சொத்து மாற்றுச் சட்டத்துல 100-ஆவது பிரிவுல வர்ற சார்ஜ் அது. ஒரு பணத்துக்கு அந்தச் சொத்து பொறுப்பா நிக்கிறது. நிலத்து மேல ஏத்தின சுமை.

பொறுப்புன்னு சொன்னேன் பாருங்க. இப்பத்தான் ஆச்சி கேள்விக்கு வர்றோம். பொறுக்கிறதுன்னாலே தாங்குறது, பொறைன்னா சுமை. பொறுப்பும் சுமைதான், சார்ஜும் சுமைதான். அதனாலதான் நம்ம ஆபீஸ் போர்டுல ‘தலைமையாசிரியர் (பொ)’ன்னு போடுறாக. அந்த ‘பொ’தான் ஆச்சி உங்க இன்-சார்ஜ்.

எங்க ஐயா பர்மாவுல மோல்மேன்ல ஒரு வட்டிக்கடையில அடுத்தாளா, அதாவது கடையை நடத்துற மேலாளுக்கு அடுத்த ஆளா இருந்தவுக. மேலாளுக்கு மூணு வருசக் கணக்கு முடிஞ்சு ஊருக்குக் கிளம்பணும். புது மேலாள் வந்திருந்தா, ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து, ஈட்டுக்கு, அதான் அடகுக்கு, வந்த நகையை ஒண்ணொண்ணா எடுத்துச் சீட்டோட ஒத்துப் பாத்து, ஐந்தொகையை, அதான் வரவு செலவு இருப்புக் கணக்கை, சரிபாத்து, கடைசில இரும்புப் பெட்டிச் சாவி கை மாறும். ‘சார்ஜ் ஹேண்ட் ஓவர்’ங்கிறது அதுதான். புது ஆள் கப்பல்ல வந்து சேரலன்னா? சாவி ஐயா இடுப்புக்கு வந்துரும். கடை ஐயா கையில, பேரு மட்டும் அடுத்தாள். இங்கிலீஷ்ல சொன்னா அன்னைக்கு ஐயா ‘இன் சார்ஜ்’.

இங்கிலாந்துல ஒரு கடையில போய் ‘ஹூ இஸ் இன் சார்ஜ் ஹியர்’னு கேட்டா, பெரியவரைக் கூப்பிடுறதா அர்த்தம். நம்ம ஆபீஸ்ல இன்-சார்ஜ்னா, அந்த நாற்காலிக்கு ஆள் போடுற வரைக்கும் பாத்துக்கிறவர். அப்ப ஆஸ்பத்திரியில ‘வார்டு இன்-சார்ஜ் சிஸ்டர்’? அவுக நிரந்தரமா அந்த வார்டையே கட்டி ஆளுறவுக. இது எப்படி? பக்கத்துல யார் நிக்கிறான்னு பாருங்கன்னேன்ல. முன்னாடி பதவியோட பேரு இருந்தா, எச்.எம்., தாசில்தார்னு, பெரும்பாலும் தற்காலிகம். முன்னாடி இடத்தோட பேரு இருந்தா, வார்டு, ஸ்டோர், ஷிஃப்ட்னு, அவர்தான் அங்க பெரியவர். சம்பந்தி வீட்ல கேட்டா, ‘இப்போதைக்குப் பொறுப்பு, ஆனா பள்ளிக்கூடத்துச் சாவி எங்க பொண்ணு கையில’ன்னு சொல்லுங்க.

ஆனா எனக்கு ஒரு குறை. யாராச்சும் ‘இன் சார்ஜ் ஆஃப்’, ‘இன் த சார்ஜ் ஆஃப்’ பத்திக் கேப்பீங்களான்னு காத்துக்கிட்டிருக்கேன், ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறீங்க. நானே சொல்லிர்றேன். ‘தி நர்ஸ் இஸ் இன் சார்ஜ் ஆஃப் த சைல்ட்’. நர்ஸ் பிள்ளையைப் பாத்துக்கிறாங்க. ‘தி சைல்ட் இஸ் இன் த சார்ஜ் ஆஃப் த நர்ஸ்’. இதுலயும் பாத்துக்கிறது நர்ஸ்தான். நடுவுல அந்த ஒரு ‘த’வை விட்டீங்கன்னா, பிள்ளை நர்ஸைப் பாத்துக்கிற மாதிரி ஆயிரும். சுமக்கிறவர் யாரு, சுமை எதுங்கிறதே தலைகீழாப் போயிரும். சுமையா இருக்கிற பிள்ளைகளுக்கும் ‘சார்ஜஸ்’னு பேரு உண்டு. ‘தி டீச்சர் கேம் வித் ஹர் சார்ஜஸ்’ங்கிறதை ஒரு பையன் ‘டீச்சர் பில்லோட வந்தாங்க’ன்னு மொழிபெயர்த்தான். வகுப்பே சிரிச்சுச்சு. அவனைத் திட்ட எனக்கு மனசு வரல. பீஸ் கட்டுற காலத்துப் பிள்ளை, அவனுக்கு அப்படித்தானே தோணும்.

இன்னும் ரெண்டு வார்த்தை. போலீஸ் கேஸ்னா ‘சார்ஜ்டு வித்’, காசுன்னா ‘சார்ஜ்டு ஃபார்’. ‘ஹி வாஸ் சார்ஜ்டு ஃபார் த சேர்’னா நாற்காலிக்குக் காசு வாங்கிட்டாங்கன்னு அர்த்தம், திருட்டுக் கேஸ் இல்ல. ‘பேர்ல பற்று எழுதிக்கங்க’ன்னு கடையில சொல்றமே, அது ‘சார்ஜ் இட் டு மை அக்கவுண்ட்’, அதுக்கு ‘டு’.

கோட்டையூர்ல இருந்து ஒருத்தர் ‘ரன்’ பத்திக் கேட்டிருக்காரு. ஐயா, அது இதைவிடப் பெரிய கூட்டம், அதைத் தனியா ஒரு நாள் வச்சுக்குவோம்.