கூண்டுக்குள் போகும் சூரையின் எடை

வணக்கம் நேயர்களே.

தெற்கு ஆஸ்திரேலியாவில் போர்ட் லிங்கன் என்று ஒரு துறைமுக ஊர். 1990களின் தொடக்கத்திலிருந்து அங்கே தெற்கு நீலத்துடுப்புச் சூரையை வளர்க்கிறார்கள். வளர்ப்பு என்றதும் குஞ்சு பொரித்து வளர்ப்பதாக நினைத்துவிட வேண்டாம். ஜாவா தீவுக்குத் தெற்கே பிறந்து, ஆஸ்திரேலியாவின் தென்கரைக்கு வரும் இரண்டு முதல் நான்கு வயது மீன்களைச் சுருக்கு வலையால் வளைக்கிறார்கள். படகில் ஏற்றுவதில்லை. சூரை நீந்தினால்தான் செவுளில் நீர் பாயும், மூச்சு விடும். அதனால் மிதவைக் கூண்டுக்குள் விட்டு, ஆள் நடப்பதைவிட மெதுவாக, வாரக்கணக்கில் இழுத்து வருகிறார்கள். அப்புறம் சில மாதம் மத்தி மீனைத் தீனியாகப் போட்டுக் கொழுக்க வைத்தால், பெரும்பகுதி ஜப்பானுக்குப் போகிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது எடையைப் பற்றி. பிடிக்க அனுமதித்த ஒதுக்கீடு, கடலில் பிடித்த எடைக்குத்தான். கொழுத்த பிறகு உள்ள எடைக்கு அல்ல. ஆயிரக்கணக்கான மீன்களை உயிரோடு எப்படி நிறுப்பது? ஒரு கூண்டிலிருந்து இன்னொரு கூண்டுக்கு வாசல் வழியாக நீந்தும்போது வீடியோவில் எண்ணிவிடலாம். சராசரி எடைக்கு, தூண்டிலில் 40 மீன் பிடித்து நிறுத்தார்கள். பிறகு அது 100 ஆனது. ஆனால் தூண்டிலைக் கடிக்க வருபவை எல்லா அளவு மீன்களுக்கும் சரியான மாதிரிதானா? சின்ன மீன்களே அதிகம் கடித்தால், பிடித்த எடை குறைவாகப் பதிவாகும். அதே பிழை வளர்ச்சிக் கணக்கில் தலைகீழாகத் தெரியும்: அறுவடை எடையிலிருந்து தொடக்க எடையைக் கழிப்பதுதானே வளர்ச்சி? தொடக்கத்தில் 2 கிலோ விட்டுப்போனால், அந்த 2 கிலோவும் பண்ணையில் வளர்ந்ததாகிவிடும்.

இதைச் சோதிக்க நீளம் உதவும். சில மாதத்தில் எடை ஏறும் அளவுக்கு நீளம் ஏறாது. அடையாளக் குறி போட்டுக் கடலில் விட்ட மீன்கள் எவ்வளவு நீண்டன என்ற வளைகோட்டோடு பண்ணை மீனின் நீளத்தை ஒப்பிட்டால், தொடக்க எடை நம்பத்தக்கதா என்று ஓரளவு தெரிந்துவிடும்.

கூண்டில் எத்தனை மீன் சாகாமல் தப்புகிறது என்ற பிழைப்பு வீதத்தையும் ஒரே எண்ணாக வைத்துக் கணக்கிட முடியாது. கூண்டுக்கு வந்து ஒன்றிரண்டு மாதத்தில், இரத்தக் குழாயில் குடியேறும் ஒரு தட்டைப்புழுவால் சாவு கூடும். கடலடிப் புழு ஒன்றின் உடலில் வளர்ந்துதான் அது சூரைக்கு வருகிறது. பிராசிகுவான்டெல் மருந்தைத் தீனியோடு கொடுக்கத் தொடங்கிய பிறகு அந்தச் சாவு வெகுவாகக் குறைந்தது. 1996 ஏப்ரலில் புயலடித்தபோதோ, கூண்டுகளில் இருந்த மீன்களில் பெரும்பகுதி செத்தது. அதன் பிறகு கூண்டுகளை வெளிக்கடல் பக்கம் நகர்த்தினார்கள். எந்த வளைகோடும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

இப்போது இரட்டைக் கேமரா இருக்கிறது. வாசலைக் கடக்கும் மீனைத் தொடாமலே நீளம் அளந்து, அதிலிருந்து எடையைக் கணக்கிடலாம். எல்லாக் கூண்டுக்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். முட்டையிட இந்தச் சூரைக்கு எட்டு வயதாவது ஆக வேண்டும். கூண்டுக்குள் போகும் மீன் ஒன்றுகூட அந்த வயதை எட்டியிருக்காது.