தாவும் மரபணுக்களைத் தள்ளிவைக்காதீர்கள்

அவைத்தலைவர் அவர்களே, துணைவேந்தர் அவர்களே, பயிர்ப்பெருக்கத் துறையின் மூத்த பேராசிரியப் பெருமக்களே, வாழ்த்துரை வழங்கி அமர்ந்திருக்கும் விதைவங்கி இயக்குநர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

டி.என்.ஏ.வில் ஓரிடம் விட்டு ஓரிடம் தாவிப் புகும் துண்டுகளே தாவும் மரபணுக்கள். அவை செடிகளில் வேறுபாட்டை உண்டாக்கும் விதம், பரிணாமத்தில் அவற்றின் பங்கு, ஆய்வில் அவற்றைத் தவறவிடாமல் படிக்கும் வழி என்று மூன்று செய்திகள். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பார்கள். இத்துறைக்கென்றே சொன்னது போல இருக்கிறது.

மெண்டலின் பட்டாணியைப் பாருங்கள். இரண்டாம் தலைமுறையில் உருண்டை 5474, சுருங்கியது 1850. 1866இல் அச்சான இந்தக் கணக்கைப் பள்ளிப்பிள்ளையும் ஒப்பிக்கும். விதை ஏன் சுருங்கியது? விடை 1990இல் வந்தது! மாவுச்சத்துக்குக் கிளை சேர்க்கும் நொதியின் மரபணுவுக்குள் சுமார் 800 டி.என்.ஏ. எழுத்து நீளத் துண்டு ஒன்று புகுந்து உட்கார்ந்திருந்தது. மக்காச்சோளத்தில் பார்பரா மெக்ளின்டாக் கண்ட தாவும் கூறுகளின் சாயல் அதற்கு. நொதி கெட்டது. மாவுச்சத்து குறைந்தது. தேங்கிய சர்க்கரை தண்ணீரை இழுத்தது, வளரும் விதை ஊதியது. காய்ந்ததும் தண்ணீர் போய், பெருத்த தோல் மடிந்தது. மரபியலின் முதல் பாடத்திலேயே இருந்ததைக் காண 124 ஆண்டுகள்! தீர விசாரிப்பதே மெய்.

பரிணாமத்துக்கு ஒன்று மட்டும். டியோசின்டே என்ற காட்டுப்புல் கிளை குறைந்து மக்காச்சோளமானதில், கிளைப்பை அடக்கும் மரபணுவுக்குச் சுமார் 60,000 எழுத்து முன்னால் புகுந்த தாவும் துண்டுக்குப் பங்குண்டு.

மக்காச்சோளத்தின் முழு டி.என்.ஏ.வான மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 85 விழுக்காடு தாவும் மரபணுக்கள்தான். ஆனால் நம் ஆய்வுகளில் பல, 150 எழுத்துத் துணுக்குகளாகவே படிக்கின்றன. பல்லாயிரம் எழுத்து நீளமுள்ள கூறுக்கு நூற்றுக்கணக்கான நகல்கள் இருக்கும்போது, துணுக்கு எந்த நகலுடையது என்று மென்பொருளுக்குத் தெரியாது, கழித்துவிடும். டி.என்.ஏ.வின் ஒரு பகுதியை நகலெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆரிலும் இதே போன்ற கோளாறு: அந்தப் பகுதியின் இரு முனைகளையும் குறிக்கும் பிரைமர்கள் என்ற சிறு துண்டுகளுக்கு நடுவே நீளத் துண்டு புகுந்தால் பெருக்கம் வராது, மரபணுவே இல்லை என்று எழுதிவிடுகிறோம். துண்டுக்குள்ளும் ஒரு பிரைமர் வையுங்கள்.

துணுக்குகளாக இல்லாமல் பல்லாயிரம் எழுத்தை ஒரே தொடராகப் படிப்பது நீள வாசிப்பு. அதற்கு உடையாத டி.என்.ஏ. வேண்டும். இளம் இலை பறிக்குமுன் செடியை ஓரிரு நாள் இருட்டில் வைத்தால் மாவுச்சத்து குறையும். திரவ நைட்ரஜனில் அரையுங்கள். பிரித்த பிறகு வேகமாகக் குலுக்கினால் பாழ். அகன்ற முனைப் பிப்பெட்டால் மெல்ல எடுங்கள்.

இயக்குநர் அவர்களே, ஒப்பீட்டுக்கென்று வைத்திருக்கும் ஒரே ஒரு ரகத்தின் மரபணுத்தொகுதியோடு மட்டும் ஒப்பிட்டால், அதில் இல்லாத செருகல்கள் கண்ணுக்கே படாது. உங்கள் வங்கியின் ஒவ்வொரு ரகத்தையும் நீள வாசிப்பில் தனித்தனியே படித்து, செருகல்களின் இடங்களை விதைப் பதிவேட்டிலேயே எழுதும் திட்டத்துக்கு இந்த மேடையிலேயே ஒப்புதல் தாருங்கள்.