பழைய படகுக்குப் புதுக் கருவிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் லங்காவித் தீவுக்குச் சுற்றுலா போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தெலாகா, ரெபாக் படகுத்துறைகளில் பல நாட்டுக் கொடிகளோடு பாய்மரப் படகுகள் வரிசையாக நிற்கும். 1987-இலிருந்து அது தீர்வையற்ற தீவு. உலகம் சுற்றும் படகுக்காரர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்கி, பழுதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். அந்தப் படகுகளில் பல எண்பதுகளில் கட்டியவை. ஃபைபர் உடம்பு இன்னும் திடமாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கிற மின்னணுக் கருவிகள்தான் கிழடுதட்டிப் போயிருக்கும். அவற்றை மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு.

பழைய படகை வாங்கினவர் என்னிடம் வரும்போது கையில் ஒரு விளம்பரப் புத்தகம் இருக்கும். பன்னிரண்டு அங்குலத் திரை, வண்ண வரைபடம், விரல் வைத்தால் நகரும். "இதை மாட்டிக் கொடுங்கள், போதும்" என்பார். மாட்டலாம், அது அரை நாள் வேலை. ஆனால் நான் முதலில் திறப்பது ஸ்விட்ச் பலகையின் பின்பக்கத்தை.

முன்பு இருந்த ஒவ்வொரு முதலாளியும் ஏதோ ஒரு கருவி வாங்கி வயர் இழுத்திருப்பார். கருவி செத்ததும் அதைக் கழற்றிவிட்டு, வயரை அப்படியே விட்டிருப்பார். எது உயிருள்ள வயர், எது இல்லை என்று பிரிப்பதற்கே ஒரு பொழுது போய்விடும். சந்தேகமான வயரை ஒரு சாண் நறுக்கி, உறையைச் சீவிப் பார்ப்பேன். செம்பு பளபளவென்று இருந்தால் சரி. கறுத்திருந்தால் இன்னொரு சாண் நறுக்கினாலும் பெரும்பாலும் கறுப்புதான். உப்பு ஈரம் உறைக்குள்ளேயே ஊர்ந்து போயிருக்கும். படகுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர்தான் வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

இதன் விளைவு எங்கே தெரியும்? பேட்டரியில் அளந்தால் 12.6 வோல்ட் இருக்கும். படகைத் தானே திசைபிடித்து ஓட்டும் ஆட்டோ பைலட்டின் மோட்டார் சுற்றும்போது அதன் முனையில் அளந்தால் 11-க்குக் கீழே இறங்கியிருக்கும். மீதியைக் கறுத்த வயரும் துருப்பிடித்த இணைப்பும் தின்றுவிட்டன. அதே வயரில் புதுத் திரையையும் மாட்டினால், மோட்டார் சுற்றும்போதெல்லாம் திரை அணைந்து அணைந்து எரியும். உடனே திரை மட்டமான சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள்.

அடுத்து, கருவிகள் ஒன்றோடொன்று பேசும் முறை. என்எம்இஏ 0183 என்ற தகவல் பரிமாற்ற முறை 1983-இல் வந்தது. நொடிக்கு 4800 பிட். ஒரு கருவி பேசும், மற்றவை கேட்டுக்கொண்டிருக்கும். பிறகு வந்த என்எம்இஏ 2000-இல் படகின் நீளத்துக்கு ஒரே மெயின் கேபிள். எல்லாக் கருவியும் அதிலிருந்து கிளை பிரிந்து தொங்கும், எல்லாமே பேசும். வேகம் நொடிக்கு 250,000 பிட். அந்த மெயின் கேபிளின் இரண்டு முனையிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று கட்டாயம். சோதிப்பது சுலபம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகவல் போகும் இரண்டு வயருக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 60 காட்டினால் நலம். 120 என்றால் ஒரு முனையில் தடை இல்லை. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். "கருவி திடீர் திடீரென்று காணாமல் போகிறது" என்று யாராவது கூப்பிட்டால், நான் முதலில் பார்ப்பது இந்த அளவைத்தான்.

பழையதையெல்லாம் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஆழம் காட்டும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உணரியைப் பெரும்பாலும் படகின் அடியில் துளை போட்டுப் பொருத்தியிருப்பார்கள். மாற்றப் படகையே கரையேற்ற வேண்டும். இருபது வருஷமாக ஆழத்தைச் சரியாகச் சொல்லும் கருவி நாளைக்கும் சரியாகத்தான் சொல்லும். கடல் ஒன்றும் புது மாடல் வந்துவிடவில்லையே. நடுவே பழைய முறையைப் புது முறைக்கு மாற்றிக் கொடுக்கும் ஒரு சிறிய பெட்டி போட்டால் அதன் அளவு புதுத் திரையில் வந்துவிடும். விற்கிறவர் இதை வாய்திறந்து சொல்லமாட்டார்.

பழைய ஜிபிஎஸ் மட்டும் வேறு கதை. அந்தக் காலத்து ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்துக்கு வரும். 1999 ஆகஸ்டில் ஒரு முறை வந்தது, 2019 ஏப்ரலில் இன்னொரு முறை. அதற்கப்புறம் சில பழைய பெட்டிகளில் தேதி ஏறத்தாழ இருபது வருஷம் பின்னால் நிற்கிறது. இடத்தைச் சரியாகக் காட்டலாம். அந்தத் தேதியை வைத்துக் கடல் ஏற்றவற்ற நேரம் பார்த்தால் வம்புதான்.

காசு ஒரே ஒரு கருவிக்குத்தான் இருக்கிறது என்றால், மலாக்கா நீரிணையில் நான் சொல்வது ஏஐஎஸ், அதாவது கப்பல்கள் ரேடியோவில் தங்களை அறிவிக்கும் கருவி. ஆண்டுக்கு 80,000-க்கும் மேற்பட்ட கப்பல்கள் போகும் வழி அது. நாடு விட்டு நாடு போகும் 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களுக்கு 2004 முடிவிலிருந்து இந்தக் கருவி கட்டாயம். சில நொடிக்கு ஒரு தரம் கப்பல் தன் இடம், வேகம், போகும் திசையை விஎச்எஃப் ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே போகும். பெயரும் அவ்வப்போது வரும். ராத்திரி இரண்டு மணிக்குத் தூரத்தில் ஒரு வெள்ளை விளக்கும் ஒரு சிவப்பு விளக்கும் தெரிகின்றன. நம்மை நோக்கி வருகிறதா, விலகுகிறதா? திரையில் அந்தக் கப்பலின் மேல் விரல் வைத்தால், இன்னும் 18 நிமிடத்தில் 0.3 கடல் மைல் தூரத்தில் கடக்கும் என்று வரும். பெயரும் வரும். பெயர்தான் முக்கியம். "எனக்கு முன்னால் போகிற கப்பலே" என்று ரேடியோவின் பொது அழைப்புச் சேனலான 16-இல் கூப்பிட்டால் யார் பதில் சொல்வார்கள்? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் பதில் வரும். நம் படகும் தன்னைச் சொல்ல வேண்டும். சிறு படகுக்கான பி வகுப்புக் கருவி 2 வாட்டில் அரை நிமிடத்துக்கு ஒரு முறை சொல்லும். ஆனால் மரப் படகில் வலை போட்டிருக்கும் மீனவரிடம் பெரும்பாலும் இது இருக்காது. வலை முனையில் மினுக்கும் சின்ன விளக்குக்குக் கண்தான்.

இதில் இன்னொரு தொல்லை, பாய்மர உச்சி விளக்கு. பழைய பல்பை எடுத்துவிட்டு மலிவான எல்இடி போடுவார்கள். ஆன்டெனாவும் அதே உச்சியில். சில எல்இடி விளக்குகள் கிளப்பும் மின் இரைச்சலில் விஎச்எஃப், ஏஐஎஸ் இரண்டுக்கும் காது மந்தமாகிவிடும். 2018-இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதற்காக ஓர் எச்சரிக்கையே விட்டது. ரேடியோவை ஓர் அமைதியான சேனலில் வைத்து, ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் அடங்கும் இடம்வரை மட்டும் திருப்புங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். இரைச்சல் திரும்பினால் விளக்குதான் குற்றவாளி.

மின்னலும் இந்தப் பக்கம் அதிகம். பாய்மரத்தில் ஒன்று இறங்கினால் அத்தனை புதுக் கருவியும் ஒரே நொடியில் போய்விடலாம். அதனால் மேகம் கட்டினதும் கையடக்க ஜிபிஎஸ்ஸையும் ஃபோனையும் சமையல் ஓவனுக்குள் வைத்து மூடுகிறவர்கள் உண்டு. உலோகப் பெட்டி ஓரளவு காக்கும். எடுக்க மறந்து மறுநாள் ரொட்டி சுடாமல் இருந்தால் சரி.

ஒரு டேப்லெட் போதாதா என்று கேட்பார்கள். வரைபடம் பார்க்க அருமை. ஆழம், காற்று, ஏஐஎஸ் எல்லாவற்றையும் வைஃபையில் அதற்கு அனுப்பலாம். ஆனால் நம் வெயிலில் சூடேறித் தானே அணைந்துவிடும். மழைத்துளி விழுந்தால் விரல் எது, துளி எது என்று அதற்குத் தெரியாது. ஆகவே டேப்லெட் உள்ளே மேசையில் இருக்கட்டும். சுக்கான் பக்கத்தில் ஏழு அங்குலத் திரை ஒன்று போதும், பட்டன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.