சீக்கர்ஸ்: நான்கு குரல்களின் கதை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

1964-ஆம் ஆண்டு மே மாதம், ஃபேர்ஸ்கை என்னும் பயணிகள் கப்பலில் பயணிகளுக்குப் பாட்டுப் பாடிக்கொண்டே ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து வந்து இறங்கிய நால்வரைப் பற்றியே இன்று பேசவிருக்கிறேன். பத்து வாரம் தங்கிவிட்டு ஊர் திரும்புவதே அவர்களின் எண்ணமாக இருந்தது. ஆனால் 1968 ஜூலையில் குழு கலையும் வரை லண்டனே அவர்களுடைய களமாயிற்று.

குழுவின் பெயர் தி சீக்கர்ஸ். 1962-இல் மெல்பர்ன் நகரில் அது உருவானபோது பின்னாளில் அதன் முதன்மைப் பாடகியான ஜூடித் டர்ஹம் அதில் இல்லை என்பதை அவருடைய ரசிகர்களே பலர் மறந்துவிடுகிறார்கள். டபுள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியம் வாசித்த ஏதல் கை, கிட்டாரும் பாஞ்சோவும் வாசித்த புரூஸ் வுட்லி, பன்னிரு தந்திக் கிட்டார் வாசித்த கீத் பொட்ஜர் ஆகியோருடன் கென் ரே என்பவர் முதன்மைப் பாடகராக இருந்தார். அவர் விலகிய பிறகு, ஏதல் கை வேலை பார்த்த விளம்பர நிறுவனத்திலேயே செயலாளராகச் சேர்ந்த டர்ஹமைப் பாட அழைத்தார்கள். அவரோ ஜாஸ் பாடகி. சிறு வயதில் வந்த தட்டம்மை நோய் அவருடைய நுரையீரலை நிரந்தரமாகப் பாதித்திருந்தது. அந்த நுரையீரலிலிருந்தா அப்படியொரு நீண்ட, தெளிந்த குரல் எழுந்தது என்ற வியப்பு எனக்கு இன்றும் தீரவில்லை.

லண்டனில் அவர்களுக்குப் பாட்டெழுதித் தயாரித்தவர் டாம் ஸ்பிரிங்ஃபீல்ட். பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் அண்ணன். அவர் எழுதிய 'ஐல் நெவர் ஃபைண்ட் அனதர் யூ' 1964 நவம்பரில் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவாகி, 1965 பிப்ரவரியில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதன் தொடக்கத்தில் ஒலிப்பது பொட்ஜரின் கிட்டார். ஆறு இரட்டைத் தந்திகளில் கீழ் நான்கு இணைகள் ஒரே சுரத்தை இரு ஸ்தாயிகளில் ஒலிப்பதால், ஒரே கிட்டாருக்குள் இரண்டு கிட்டார்கள் மணி கட்டினாற்போல் கேட்கும். அதை மீட்டிய பொட்ஜர் 1941-இல் கொழும்பில், ஐரோப்பிய வழிவந்த இலங்கையரான பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர் என்பதை நம் அவையில் சொல்லாமல் விடலாகாது.

1965-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த 'தி கார்னிவல் இஸ் ஓவர்' பாடலையே அவர்களுடைய உச்சமாக நான் கருதுகிறேன். அதன் மெட்டு ஸ்பிரிங்ஃபீல்டின் சொந்த மெட்டன்று. வோல்கா ஆற்றில் பாரசீக இளவரசியைத் தூக்கி எறிந்த கொசாக் கலகத் தலைவன் ஸ்டெங்கா ராசினைப் பற்றிய ரஷ்யப் பாடலின் மெட்டு. கொடுமையான அந்தக் கதையை அகற்றிவிட்டு, பிரியும் காதலரின் விடைபெறலை அதே மெட்டில் அவர் ஏற்றினார். மூன்று ஆண்களும் டர்ஹமின் குரலோடு போட்டியிடுவதில்லை. ஏதல் கையின் அடிக்குரலை நிலமாகக் கொண்டு, டர்ஹமுக்குக் கீழே அடங்கியே நிற்கிறார்கள். தனிக் குரலாக மட்டும் கேட்டிருந்தால் அந்தப் பாடல் வெறும் புலம்பலாகியிருக்கும் என்பது என் எண்ணம். பிரிட்டனில் மட்டும் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் அது விற்றது.

பிறகு 'மார்னிங்டவுன் ரைட்' வந்தது; திரைப்படத்துக்காகப் பாடிய 'ஜார்ஜி கேர்ள்' ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது. 1967 மார்ச்சில் மெல்பர்ன் திறந்தவெளி அரங்கில் அவர்களைக் கேட்க இரண்டு லட்சம் பேர் திரண்டதாகக் கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டே டர்ஹம் விலக, குழு கலைந்தது. ஏதல் கை சட்டமன்ற உறுப்பினரானார். பொட்ஜர் நியூ சீக்கர்ஸ் என்ற வேறொரு குழுவை அமைத்தார். வுட்லி 'ஐ ஆம் ஆஸ்திரேலியன்' என்னும் பாடலை இன்னொருவருடன் சேர்ந்து எழுதினார். தொண்ணூறுகளில் நால்வரும் மீண்டும் மேடையேறினார்கள். 2022 ஆகஸ்டில் டர்ஹம் தம் 79-ஆம் வயதில் மறைந்தார்.

இப்போது 1965-இன் அந்த இரண்டு இசைத்தட்டுகளையும் ஒலிக்க விடுகிறோம். முதல் தட்டில் குரல் தொடங்கும் முன் வரும் கிட்டாரைக் கவனியுங்கள். இரண்டாவதில், டர்ஹமை விட்டுவிட்டு அந்த மூன்று ஆண்குரல்களை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.