சின்டெக்ஸ் தொட்டியில் ஒரு டம்ளர் எண்ணெய்

எல்லோருக்கும் வணக்கம். இந்த பாட்டிலில் இருப்பது வரும் வழியில் ஒரு குளத்தில் மொண்ட தண்ணீர். பாசியிலிருந்து டீசல் எடுக்கலாம் என்றால் உங்களில் பாதிப் பேர் சிரிப்பீர்கள். மீதிப் பேர் நாளைக்கே குளம் வெட்டக் கிளம்பிவிடுவீர்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

எண்ணெய் இருப்பது உண்மைதான். சில நுண்பாசிகளைக் காயவைத்தால் எடையில் கால் பங்குக்கு மேல் கொழுப்பு. அதற்கு நஞ்சை வேண்டாம், உப்புத் தண்ணீரே போதும்.

1970களில் பெட்ரோல் தட்டுப்பாட்டில் அடிபட்ட அமெரிக்கா, 1978 முதல் 1996 வரை இதற்கென்றே ஓர் அரசுத் திட்டம் நடத்தியது. சுமார் 2.5 கோடி டாலர் செலவு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாசிகளைத் தேடிச் சேர்த்தார்கள். நியூ மெக்சிகோவின் ராஸ்வெல்லில் 1,000 சதுர மீட்டர் குளங்களை வெட்டி, துடுப்புச் சக்கரத்தால் தண்ணீரைச் சுற்றவிட்டார்கள். வெயிலுக்குப் பஞ்சமில்லாத பாலைவனம். ஆனால் ராத்திரிக் குளிர் விளைச்சலைக் கெடுத்தது. ஆய்வகத்தில் பொறுக்கி எடுத்த பாசியை வெளிக் குளத்தில் விட்டால், அந்தந்த ஊர்ப் பாசி தானாக வந்து குளத்தைப் பிடித்துக்கொண்டது. விதைத்தது ஒன்று, முளைத்தது ஒன்று!

இன்னொரு வினோதம். நைட்ரஜன் கொடுக்காமல் பட்டினி போட்டால்தான் பாசி கொழுக்கும். ஆனால் பட்டினி கிடக்கும் பாசி பெருகாது. ஒரு பக்கம் கிடைத்த லாபம் மறுபக்கம் போய்விடும்.

சரி, வளர்த்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அறுவடை? வீட்டு மாடியில் இருக்கிறதே, ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி, அதை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாக வளர்ந்த திறந்த குளத்திலும் லிட்டருக்கு அரை கிராம் காய்ந்த பாசி தேறினால் பெரிது. அப்படியானால் தொட்டி முழுக்க அரைக் கிலோ. அதில் எண்ணெய் 150 கிராம். ஒரு டம்ளர்! ஒவ்வொரு பாசியும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். வேட்டித் துணியில் வடிகட்டினால் தண்ணீரோடு போய்விடும். பாலில் க்ரீம் பிரிப்பது போல மெஷினில் சுழற்ற வேண்டும். அப்போதும் வருவது சகதி. அதையும் உலர்த்த வேண்டும். மோட்டார் கரண்ட் யார் கொடுப்பது? என்னைக் கேட்டால், பாசி டீசலை இதுவரை மண்ணைக் கவ்வ வைத்தது இந்தத் தண்ணீர்தான்.

விளைச்சல் அமோகம் என்று வைத்துப் போட்ட கணக்கிலும் பாசி டீசல் சாதா டீசலைப் போல இரண்டு மடங்கு விலை என்று அந்த அமெரிக்கத் திட்டத்தின் 1998 அறிக்கை ஒப்புக்கொண்டது. அப்புறம் 2009-இல் அமெரிக்கப் பெட்ரோல் கம்பெனி எக்ஸான் மொபில் வந்தது, 60 கோடி டாலர் வரை போடுவோம் என்று. மரபணு விஞ்ஞானி கிரெய்க் வென்டரின் நிறுவனத்தோடு சேர்ந்து மரபணுவைத் திருத்தி, 2017-இல் ஒரு பாசியின் எண்ணெயை இரட்டிப்பாக்கியும் காட்டினார்கள். சாதாரண வேலை இல்லை அது. ஆனாலும் 2023 வாக்கில் எக்ஸான் கையை உதறிக்கொண்டது.

டீக்குப் போனபோது ஒரு தம்பி கேட்டார்: "ஐயா, ரெண்டு ஏக்கர் இருக்கு, போடலாமா?" போடுங்கள் தம்பி, ஆனால் சத்துக்காகச் சாப்பிடும் ஸ்பைருலினா பாசி போடுங்கள். அதை டீசல் மாதிரி லிட்டர் கணக்கில் விற்க வேண்டியதில்லை. கிராம் கணக்கில் மாத்திரையாக வாங்குகிறார்கள்.