அறுபதிலேயே விழித்திருக்கும் கார்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கார் ஓட்டுவதில் பித்துப் பிடித்த இரண்டு பேர் சந்தித்தால் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும். பழைய மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் மாதிரி, பழைய சுபாரு இம்ப்ரெசா எஸ்டிஐ மாதிரி வளைவில் திரும்புகிற புதுக் கார் ஏதாவது இருக்கிறதா? இந்தக் கேள்வியோடு நானும் பல வருடங்களாக அலைந்திருக்கிறேன். கையில் கிடைத்த காரையெல்லாம் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். காரில் ஆர்வம் இல்லாதவர்கள் வானொலியை அணைத்துவிட வேண்டாம். பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, ஒரு வளைவில் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்ந்த அனுபவம் இருந்தால் போதும், நான் சொல்வதெல்லாம் புரியும்.

முதலில், இந்தக் கார்கள் எப்படிப் பிறந்தன என்று சொல்லிவிடுகிறேன். ராலிப் பந்தயத்துக்காகப் பிறந்தவை இவை. ராலி என்பது வட்டமான பந்தயத் தடத்தில் நடப்பதல்ல. ஊர்ச் சாலைகளை மூடிவிட்டு, ஒவ்வொரு காராக அனுப்பி நேரம் குறிப்பார்கள். ஸ்வீடனில் பனி, பின்லாந்தில் சரளைச் சாலை, கார்சிகாவில் வளைந்து வளைந்து போகும் மலைத் தார்ச்சாலை, கென்யாவில் கல்லும் குழியும். ஒரே கார் இத்தனையையும் தாங்க வேண்டும். 1986 வரை குரூப் பி என்ற விதி இருந்தது. 200 கார் செய்தால் போதும், பந்தயத்துக்கு வரலாம். அதனால் சாலைக் காரோடு பெயரளவுக்குத்தான் தொடர்பு உள்ள, மிக வேகமான, ஆபத்தான கார்கள் வந்தன. அந்த ஆண்டு போர்ச்சுகலில் பார்வையாளர்கள் இறந்தார்கள். கார்சிகாவில் ஹென்றி டோய்வோனனும், பக்கத்தில் உட்கார்ந்து பாதை சொல்லிக்கொண்டு வந்த செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். அத்தோடு குரூப் பி முடிந்தது.

அடுத்து முதன்மை இடத்துக்கு வந்தது குரூப் ஏ. அதன் விதி, குறைந்தது 5000 கார்கள் செய்திருக்க வேண்டும், அப்போதுதான் பந்தயத்தில் இறங்கலாம் என்றது. பின்னால் அது 2500 ஆகக் குறைந்தது. செய்த பிறகு பந்தயத்துக்காகப் பெரிதாக எதையும் மாற்றவும் முடியாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பந்தயத்தில் என்ன தேவையோ அதைக் கடையில் விற்கும் காரிலேயே வைத்தாக வேண்டும்! எஸ்டிஐக்கு அடிப்படையான இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸும் முதல் லான்சர் எவல்யூஷனும் 1992-ல் வந்தது இப்படித்தான். இரண்டும் நான்கு கதவு செடான். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரலாம். 1995-ல் காலின் மெக்ரே சுபாருவில் உலகப் பட்டம் வென்றார். 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு முறை டாமி மாகினன் மிட்சுபிஷியில் வென்றார். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மறுபடி வரும்.

சரி, இப்போது ஒரு வளைவைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒரு மலைச் சாலை. இடது பக்கம் பாறை, வலது பக்கம் சரிவு. அதில் ஒரு வலது வளைவு, உள்ளே போகப் போக இறுகிக்கொண்டே போகும். தொடக்கத்தில் பார்த்தால் சாதுவாகத் தெரியும். பாதி தூரம் போன பிறகுதான் இன்னும் திரும்ப வேண்டியிருக்கிறது என்று புரியும். போதாததற்கு நடு வளைவில் தார் பெயர்ந்து ஒரு ஆள் நீளத்துக்குக் கரடுமுரடாக இருக்கும். ஒரு நாள் அதிகாலை, மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நண்பர் தன்னுடைய ஆறாவது எவல்யூஷனின் சாவியை என்னிடம் கொடுத்து, “நீயே ஓட்டு” என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். மூக்கு மெல்லத் தாழ்ந்தது. காரின் எடை முன் சக்கரங்களின் மேல் வந்து உட்கார்வது ஸ்டீயரிங்கில் தெரிந்தது, கை கனத்தது. திருப்பினேன், உடனே திரும்பியது. கார் கொஞ்சம் சாய்ந்தது, ஒரு அளவு வரை சாய்ந்து அங்கேயே நின்றது. வளைவு இறுகுகிற இடத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தூக்கினேன். பின்பக்கம் ஒரு அங்குலம், ஒரே அங்குலம் வெளியே நகர்ந்தது. அந்த ஒரு அங்குலத்தில் மூக்கு நான் பார்க்கிற பக்கம் திரும்பிவிட்டது. மறுபடி மிதித்தேன். நான்கு சக்கரமும் தரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கரடுமுரடான இடத்தில் சக்கரங்கள் மேலும் கீழும் ஆடியது காதில் கேட்டது, ஆனால் கார் பாதையை விட்டு விலகவில்லை.

முடிந்த பிறகு நண்பர் கேட்டார், எவ்வளவு வேகத்தில் போனாய் என்று. பார்த்திருந்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர்.

சில வருடங்கள் கழித்து, அதே வளைவு, அதே மாதிரி ஈரம். இந்த முறை ஒரு புதுக் கார். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை, அது இங்கே முக்கியமில்லை. 400 குதிரைத்திறனுக்கு மேல், நான்கு சக்கரத்துக்கும் சக்தி, அகலமான டயர். 60-ல் போனேன். ஒன்றுமே நடக்கவில்லை. கார் தண்டவாளத்தில் போவது போலப் போனது. கையில் எந்தச் செய்தியும் வரவில்லை. திரும்பி வந்து இன்னும் வேகமாகப் போனேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் கரடுமுரடான இடம் வந்ததும் நான்கு சக்கரமும் துள்ளின, எச்சரிக்கை விளக்கு மின்னியது, கணினி தானாகவே பிரேக் போட்டுக் காரை நேராக்கியது. அதற்கு முந்தைய நொடி வரை எனக்கு எந்தத் தகவலும் இல்லை.

அந்தப் புதுக் கார் பழையதைவிட வேகமானது, பாதுகாப்பானது. பிரேக் அருமையாகப் பிடிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பழைய கார் 60-லேயே விழித்திருந்தது. புதுக் கார் 100-ஐத் தாண்டித்தான் கண் விழிக்கும். பொதுச் சாலையில் அந்த வேகத்தில் வளைவுக்குள் போகவே கூடாது. நாங்கள் தேடுவது வேகத்தை அல்ல, நேயர்களே. 60-லேயே விழித்திருக்கும் காரைத்தான்.

ஏன் இந்த வித்தியாசம்? முதல் காரணம் எடை. முதல் எவல்யூஷன் சுமார் 1240 கிலோ. 2024-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5, பேட்டரியும் மோட்டாரும் சேர்ந்து 2400 கிலோவைத் தாண்டிவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு எவல்யூஷன்! தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் போய்ச் சட்டென்று திரும்பிப் பாருங்கள், பாதி வாளியோடும் திரும்பிப் பாருங்கள். எடை கூடக் கூட ஸ்பிரிங்கை இறுக்க வேண்டும், டயரை அகலமாக்க வேண்டும். அப்படியே ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும்.

இரண்டாவது காரணம், சக்கரம் மேலும் கீழும் போய்வரக் கிடைக்கும் இடம். சரளைச் சாலையில் ஓடப் பிறந்த காருக்கு இந்த இடம் தாராளமாக வேண்டும், இல்லாவிட்டால் முதல் குழியிலேயே உடைந்துவிடும். அதனால்தான் பழைய கார் கொஞ்சம் சாய்ந்தது. பலர் சாய்வதைக் குறையாக நினைக்கிறார்கள். இல்லை. பிடிமானம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அந்தச் சாய்வுதான் உங்கள் உடம்புக்குச் சொல்கிறது. சாயாத கார் சொல்லாத கார்.

மூன்றாவது டயர். இதைப் பற்றி நான் எங்கே பேசினாலும் நேரம் போய்விடும், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நாளைக் காலை உங்கள் கார் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 195, ஒரு சாய்கோடு, 55 என்பது போல எண்கள் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். அடுத்த எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. நான் சொன்ன அந்த 195, 55 என்பது முதல் எவல்யூஷனின் டயர்தான். கணக்குப் போட்டால் பக்கச் சுவர் சுமார் 107 மில்லிமீட்டர். இப்போது பிஎம்டபிள்யூ எம்3-ன் பின் டயரை எடுத்துக்கொள்ளுங்கள், 285, 30. சுமார் 85 மில்லிமீட்டர். அகலம் 9 சென்டிமீட்டர் கூடிவிட்டது, உயரம் 2 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துவிட்டது.

இதனால் என்ன என்று கேட்பீர்கள். பக்கச் சுவர் உயரமாக இருந்தால் வளைவில் அது கொஞ்சம் வளையும். பிடி விடுவதற்கு முன்னால் மெல்ல மெல்ல நழுவும், உங்களுக்கு நேரம் கிடைக்கும். சுவர் குட்டையாகவும் டயர் அகலமாகவும் இருந்தால் பிடி அபாரமாக இருக்கும், ஆனால் விடும்போது சட்டென்று விடும். குழியில் இறங்கினால் ரிம்மும் அடி வாங்கும். பெரிய சக்கரம் கடையில் பார்க்க அழகாக இருக்கிறது, அதனால் விற்கிறது. என்னைக் கேட்டால், ஒரே காருக்கு 18 அங்குலச் சக்கரமும் 19 அங்குலச் சக்கரமும் கிடைத்தால், யோசிக்காமல் 18 வாங்குங்கள். ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரின் முந்தைய தலைமுறையில் 20 அங்குலச் சக்கரம் இருந்தது. 2022-ல் வந்ததில் 19 ஆகக் குறைத்தார்கள், பக்கச் சுவரும் கொஞ்சம் உயர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

ஸ்டீயரிங் விஷயம். பழைய கார்களில் எண்ணெய் அழுத்தம்தான் திருப்ப உதவியது. தரையில் நடப்பது அந்த எண்ணெய் வழியாகக் கைக்கு வரும். இப்போது மின்மோட்டார் உதவுகிறது. எரிபொருள் மிச்சம், கார் தானாகவே தடத்தில் நிற்கவும் அந்த மோட்டார் வேண்டும். காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் கைக்கு வரும் செய்தி வடிகட்டப்பட்டு வருகிறது. டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ 2021-ல் நிற்கும் வரை எண்ணெய் ஸ்டீயரிங்கை விடாமல் வைத்திருந்தது.

அடுத்தது டிஃபரன்ஷியல், அதாவது சக்தியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்பு. சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய இரண்டிலும் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் உண்மையான டிஃபரன்ஷியல் இருந்தது, பின் சக்கரம் எப்போதும் வேலை செய்யும். பிறகு வந்த பல கார்களில் முன் சக்கரம்தான் ஓட்டும், தேவைப்பட்டால் ஒரு கிளட்ச் பின்னால் சக்தி அனுப்பும். நான்காவது எவல்யூஷனில் 1996-லேயே பின்பக்கம் இடது வலது சக்கரங்களுக்கு இடையே சக்தியை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. இன்றைக்கு ஆடி ஆர்எஸ்3, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் போன்றவை இரண்டு பின் சக்கரத்துக்கும் தனித்தனி கிளட்ச் வைத்து அந்த வேலையை அழகாகச் செய்கின்றன. ஆர்எஸ்3 செடானாகவும் வருகிறது.

சரி, எதைத்தான் வாங்குவது? என் மனதில் முதல் இடம் டொயோட்டா ஜிஆர் யாரிஸுக்கு. 2020-ல் வந்தது. ராலி விதிக்காகவே திட்டமிட்டு, யாரிஸின் முன் அடித்தளத்தையும் கொரோலா வகையின் பின் அடித்தளத்தையும் சேர்த்துச் செய்தார்கள். 1.6 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ. கார்பன் கூரை, அலுமினியக் கதவு, எடை சுமார் 1280 கிலோ. முதல் எவல்யூஷனுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்த எடை வேறெங்கே கிடைக்கும்? முன்னால் ஒரு பெயரை நினைவில் வைக்கச் சொன்னேனே, டாமி மாகினன். அப்போது டொயோட்டா ராலி அணியின் தலைவர் அவர்தான், இந்தக் காரின் உருவாக்கத்திலும் அவர் பங்கு உண்டு. பெருந்தொற்றால், 2021-க்குத் திட்டமிட்ட அதன் பந்தய வடிவம் களத்துக்கு வராமலே போனது. ஆனால் கார் கடைக்கு வந்துவிட்டது! ஒரே குறை, மூன்று கதவுதான். பின் இருக்கையில் பெரியவர்கள் உட்கார முடியாது. ஐந்து கதவு வேண்டும் என்றால் அதே எஞ்சினோடு ஜிஆர் கொரோலா இருக்கிறது, எடை கூடுதல்.

செடான்தான் வேண்டும் என்பவர்களுக்கு, இப்போதைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், அதுவும் கையால் மாற்றும் கியரோடு. எஸ்டிஐ என்ற பெயர்ப்பலகை இல்லை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் நடுவில் இயந்திர டிஃபரன்ஷியல் இன்னும் இருக்கிறது. 18 அங்குலச் சக்கரத்தோடு, 245, 40 டயரோடு வருகிற வகையைக் கேளுங்கள். கணக்குப் போட்டால் பக்கச் சுவர் 98 மில்லிமீட்டர். ஹூண்டாயின் ‘எலன்ட்ரா என்’ முன் சக்கரங்கள் மட்டும் ஓட்டும் வண்டி, ஆனாலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் பதில் சொல்கிற செடான். 60-லேயே விழித்திருக்கிறது. இரண்டு இருக்கை போதும் என்றால் 2017-ல் மறுபடி பிறந்த ஆல்பீன் ஏ110, சுமார் 1100 கிலோ. சாயும், மெத்தென்று போகும், அத்தனையும் கைக்கு வரும். 1973-ல் முதல் உலக ராலிப் பட்டத்தை வென்ற ஆல்பீனின் பெயர்தான் அது.

நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து விரலைக் காட்டுகிறார், ஒரு நிமிடம்தான் இருக்கிறது. காரை எப்படிச் சோதித்து ஓட்டுவது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள், மோசமான சாலைக்குப் போங்கள். பாட்டை அணைத்துவிடுங்கள். சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே ஒரு வளைவில் பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே திருப்புங்கள், மூக்கு கனப்பது கையில் தெரிகிறதா பாருங்கள். டயரில் காற்று அளவு சரியாக இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள், அது தவறாக இருந்தால் நல்ல காரும் மரத்துப் போயிருக்கும். பழைய எவல்யூஷனையோ எஸ்டிஐயையோ வாங்குகிறவர்கள் முதலில் அடியில் குனிந்து துருவைப் பாருங்கள். அப்புறம் சஸ்பென்ஷனில் உள்ள ரப்பர் புஷ்களை மொத்தமாக மாற்றுங்கள். அவை நைந்து போயிருந்தால், அது எப்படிப்பட்ட கார் என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.